ஆணி அடிக்காத வீடு

நம்மி அம்மாவின் வீட்டில் ஒரு ஆணிகூட இருந்ததில்லை. வாடகை அறையில் குடியிருந்தபோதும் இல்லை, ஐம்பத்தெட்டாவது வயதில் சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனபோதும் இல்லை. காலண்டர் அலமாரிக் கைப்பிடியில் தொங்கும். கண்ணாடி, துணிப்பெட்டியின் மேல் சுவரில் சாய்ந்து நிற்கும். சட்டை மாட்ட ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு கயிறு. இத்தனைக்கும் அவர் சுத்தியல் பிடித்தே பிழைத்தவர்.

கப்பல் பட்டறைகள் நிறைந்த யங்டோ தீவில் அப்போது பாதிப் பெண்கள் சுத்தியல்காரிகள்தான். பழுதுபார்க்க வரும் கப்பலைக் கரையில் ஏற்றியதும், அதன் வயிற்றோரம் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, துருவையும் சிப்பியையும் தட்டித் தட்டிப் பெயர்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் அந்த டாங் டாங் சத்தம் மலைச்சரிவில் இருந்த எங்கள் முற்றம் வரைக்கும் ஏறிவரும். சத்தம் நின்றால் மணி பன்னிரண்டு, அரிசி களைய வேண்டும் என்று அர்த்தம். ஐந்து வருஷம் தட்டினால் காது மந்தமாகும். காது மந்தமானால் குரல் ஏறிவிடும். நம்மி அம்மா என்னிடம் “உப்பு இருக்கா?” என்று கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள்.

அவருடைய பெயர் ஓக் மல்சுன். அந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் சொல்வார். பிள்ளை பிறந்த பிறகு யாருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சுவதில்லை. அவர் நம்மி அம்மா. கல்யாணமாகி ஆறு மாதமான நான், பிள்ளை இல்லாததால், வெறும் ‘புதுப்பொண்ணு’. நாலு அறை, ஒரு முற்றம், ஒரு குழாய். முன்பக்க அறையில் வீட்டுக்காரம்மா. நம்மி அம்மாவும் அவருடைய பதினொரு வயது மகள் நம்மியும் எனக்கு எதிர் அறை. கணவர் மீன்பிடிக் கப்பலில் போனவர், திரும்பவில்லை. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார், அதுவும் அவருடைய வழக்கமான குரலில், முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

அந்த வசந்தகாலத்தில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த நம்மி, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் குழாயடியில் என் பக்கத்தில் வந்து குந்தினாள். நான் கீரை அலசிக்கொண்டிருந்தேன்.

“புதுப்பொண்ணு அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருப்பீங்களா?”

“நான் எங்க போகப்போறேன். ஏன்?”

“டீச்சர் வீடு பாக்க வராங்க.”

பள்ளி வருஷம் பிறந்து வகுப்பு தொடங்கியதும் டீச்சர்கள் வீடு வீடாக வருவார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வாத்து மாதிரி வரிசையாக முன்னால் நடக்க, டீச்சர் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். அம்மாக்கள் இரண்டு நாளைக்கு முன்பே அடுப்படிச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“அம்மாகிட்ட சொன்னியா?”

“சொல்லணும்ல. தாள்ல கையெழுத்து வேணுமே.” அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினாள். “அம்மா வேலைக்குப் போயிருவாங்க. அக்கா, நீங்க என் சித்தின்னு சொல்லிட்டு எங்க ரூம்ல உக்காந்துக்கிறீங்களா? நீங்க மெதுவாப் பேசுவீங்க.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் கெஞ்சவில்லை. கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்த பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயது இருபத்து மூன்று. ‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று எடுத்துச் சொல்லும் தைரியமும் இல்லை, மறுக்கும் தைரியமும் இல்லை. “சரி, பாக்கலாம்” என்றேன். அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு துள்ளி எழுந்தாள். எதிர் அறை ஜன்னலில் நம்மி அம்மா நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். பழுதுக்குக் கப்பல் எதுவும் கரையேறாததால் அன்று சீக்கிரம் வந்திருந்தார். தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தார். முற்றத்தின் அகலம் இருபது அடி. அவருக்குத்தான் பக்கத்தில் பேசினாலே கேட்காதே என்று நிம்மதியாகக் கீரையைப் பிழிந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து அறிவித்தார். “டீச்சர் வராங்களாம்! வியாழக்கிழமை!” மேட்டுத் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலக்கரிப் புகை ஏறிய சுவர். தலை சாய்த்து உட்காரும் இடத்தில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் வட்டமாக. அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடி அறையைக் கதகதப்பாக்கும்; அந்தச் சூடு அதிகமாக வரும் மூலையில் தரையில் ஒட்டிய காகிதம் கருகிக் கிடக்கும். கதவு வெறும் பலகை, பெயின்ட் உரிந்து செதில் செதிலாக. அதை மூன்று நாளில், சம்பளம் வருவதற்கு முந்தைய வாரத்தில், புதுசாக்கப் போவதாக அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவர் முதலில் செய்தது, அறையில் இருந்த எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து போட்டது. பெட்டி, மெத்தை, சட்டி, ஓட்டை ரேடியோ. பிறகு வெறும் அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“பாத்தியா புதுப்பொண்ணு! பாதி வேலை முடிஞ்சுபோச்சு!”

“எங்கக்கா முடிஞ்சுது? ஒண்ணுமே இல்லையே.”

“அதான் சொல்றேன். ஒண்ணுமே இல்லேன்னா எவ்ளோ பெருசா இருக்கு பாரு. திரும்பி உள்ள போறது எல்லாம் யோசிச்சுதான் போகணும்.”

முற்றத்தில் இருந்த சாமான்களில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி உள்ளே போகவில்லை. ரேடியோவை வீட்டுக்காரம்மா எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு பை நிறையப் பழைய செய்தித்தாள் வந்தது.

வால்பேப்பருக்கு அவர் சந்தைக் கோடிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் சுருள்களை விரிக்க ஆரம்பித்ததும் நம்மி அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“அது வேண்டாம்! போன வருஷத்து மாதிரிப் புஸ்தகம் வச்சிருப்பீங்கள்ல, அத என்ன செய்வீங்க?”

“எதுக்கு இப்படிக் கத்துறீங்க? அடுப்பெரிக்கப் போடுவோம்.”

“அடுப்புக்கு எதுக்கு ரோஜாப்பூ! எனக்குக் குடுங்க!”

கடையில் இருந்த மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அந்தச் சத்தத்தை வெளியே அனுப்புவதற்காகவே கொடுத்தாரோ என்னவோ, இரண்டு தடிப் புத்தகங்கள் கிடைத்தன. முழங்கை நீளச் சதுரங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு. பூ, கோடு, மூங்கில், பட்டாம்பூச்சி, எதிலும் சேராத ஒரு ஆரஞ்சு. இதை ஒட்டினால் பைத்தியக்காரன் சட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய் சாயங்காலம் மைதா காய்ச்சிப் பசை கிண்டி, முதலில் செய்தித்தாளை ஒட்டினோம். புதுக் காகிதம் நேரே சுவரில் நிற்காது, அடியில் ஒரு தாள் வேண்டும். யாருடைய முகமாவது படத்தில் இருந்தால் அவர் அதைச் சுவர் பக்கம் திருப்பி ஒட்டினார். “நாம தூங்கும்போது எவனாவது பாத்துக்கிட்டிருக்கணுமா?” என்றார். நம்மிகூடச் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை ஞாபகம் இருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது.

மெத்தையை மறைக்க ஒரு திரை வேண்டும் என்று, வெளுத்த மாவுச் சாக்குகளைத் தைத்து வைத்திருந்தார். அதை மாட்ட அவர் சுத்தியலையும் ஒரு ஆணியையும் எடுத்ததுதான் தாமதம், வீட்டுக்காரம்மா செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏ நம்மி அம்மா! இன்னிக்கு ஆணியா? இன்னிக்கா? அந்தப் பொல்லாதது மேல போற நாள் சனிக்கிழமைதான் வருது. அதுக்கு முந்தி என் சுவத்துல ஆணி எறங்குச்சுன்னா யாருக்கு உடம்பு படுத்தும் தெரியுமா? எனக்கு!”

“டீச்சர் வியாழக்கிழமை வராங்களே!”

“டீச்சரச் சனிக்கிழமை வரச்சொல்லு!”

“நாள் பூரா கப்பல்ல தட்டுறேனே, அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல!”

“கப்பல் உன்னுது. சுவரு என்னுது.”

கப்பல் எப்படி இவருடையதாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சந்திரக் கணக்கில் ஒன்பதிலும் சைபரிலும் முடியும் தேதிகளில்தான் அந்தக் கெட்ட ஆவி வானத்துக்குப் போகும்; மற்ற நாட்களில் எங்கள் ஊரில் யாரும் ஆணி அடிப்பதில்லை, வீடு மாறுவதில்லை. அதை எதிர்த்துப் பேச நம்மி அம்மாவுக்கும் மனசில்லை. பசை தடவலாமா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரம்மா யோசித்து, “தடவிக்கோ. பசைச் சத்தம் அதுக்குக் கேக்காது” என்றார். நம்மி அம்மா ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கும் அலமாரி முதுகுக்கும் நடுவில் மீன்வலைக் கயிறு இழுத்துக் கட்டி அதில் திரையைத் தொங்கவிட்டார். கண்ணாடியைப் பெட்டியின் மேல் சாய்த்தார். சாய்த்த கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கூரை வரைக்கும் அறை வெளுத்தது. அவரே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதிரித் தாள்களை ஒட்டும்போதுதான் அவருடைய தந்திரம் புரிந்தது. பூவையும் கோட்டையும் அவர் பார்க்கவே இல்லை, நிறத்தை மட்டும் பார்த்தார். வெளிர் நிறமெல்லாம் மேலே. கீழே வரவர அடர்த்தி. முதுகும் தலையும் தேயும் இடத்தில் பழுப்பும் கருநீலமும், பிசுக்குப் படிந்தாலும் தெரியாது. அந்த ஆரஞ்சை விளக்கு சுவிட்சைச் சுற்றி ஒட்டினார், இருட்டில் தடவத் தேவையில்லாதபடி. ஊறவைத்து அரைத்த சோயாவில் எண்ணெய் விட்டுத் துணியில் முடிந்து தரையைத் தேய்க்கும் வேலை நம்மிக்கு. தேய்க்கத் தேய்க்கக் காகிதத் தரை தேன் நிறமாகப் பளபளத்தது. கருகிய மூலை போகவில்லை. அதன்மேல் குட்டை மேசையைப் போட்டு டீச்சரின் இடம் அதுதான் என்று முடிவு செய்தார்கள். சூடான இடமும் அதுதானே, மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று.

அந்த அம்மா ஒட்டும் ஒவ்வொரு தாளும் அவர் இல்லாத ஒரு மாலைக்காக. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த உறுத்தலில்தான் நான் புதன்கிழமை காலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் பட்டறையில் பெயின்ட் கிடங்கில் வேலை. மிச்சப் பெயின்ட் டப்பாக்களைத் தூக்கி வருவது அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் வழக்கம். எங்கள் மேட்டில் பாதிக் கூரை கப்பல் அடிவயிற்றின் சிவப்பு நிறத்தில் இருக்கும். அடுப்படிப் பலகைக்கு அடியில் பச்சை டப்பா ஒன்று கிடந்தது. அழகான பச்சை, தளிர் மாதிரி. நம்மி அம்மா வேலைக்குப் போனதும் நான் முக்காலி போட்டு ஏறி அவருடைய கதவையும் நிலையையும் மேல் விளிம்பு வரை இரண்டு கை அடித்தேன். வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று எண்ணம். மத்தியானம் தொட்டேன், ஒட்டியது. நாலு மணிக்குத் தொட்டேன், ஒட்டியது. ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“இது ரெண்டு டப்பா சேத்துக் கலக்குற பெயின்ட்டு. மத்த டப்பா எங்க?”

“எந்த டப்பா?”

“அதான். அது இல்லாம இது காயாது.”

“நாளைக்குள்ள காயாதா?”

“நாளைக்கா? அடுத்த டீச்சர் வந்தாலும் காயாது.”

நான் முற்றத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். வேலையிலிருந்து வந்த நம்மி அம்மா, தலையில் துருத்தூளோடு, கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார்.

“ஐயோ, இதுவா! இதுக்கு அழுவுறியா!” தெருவே கேட்டிருக்கும். “சுரண்டினா இன்னும் மோசமாயிரும். ஒட்டுதுல்ல? ஒட்டுறதுன்னா அது பசைதான். உன்கிட்ட ஜன்னல் காகிதம் இருக்கா?”

கண்ணாடிக்குப் பதிலாகக் கதவு ஜன்னலுக்கு ஒட்டும் அந்த நார்க் காகிதம் என்னிடம் ஒரு சுருள் இருந்தது, கல்யாணத்துக்கு வந்தது. அதை அந்தப் பச்சையின் மேல் வைத்துத் துணிப்பந்தால் ஒத்தினோம். பச்சை காகிதத்தில் ஊறி மேலே வந்தது, பனியில் நனைந்த இலை மாதிரி. அதன்மேல் பசை தடவி இன்னொரு அடுக்கு. மூவருமாக நின்று ஒட்டினோம். என் கை பச்சை, நம்மியின் மூக்கு நுனி பச்சை.

அந்த நேரத்தில் நம்மி அம்மா, கதவிலிருந்து கண் எடுக்காமல், “நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன்” என்றார்.

நம்மியின் கை நின்றது. “ஏம்மா?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து, “அக்கா, வேண்டாம்னு சொல்லுங்களேன்” என்றாள்.

திரும்பி அவளைப் பார்த்த நம்மி அம்மா துணிப்பந்தைப் பசைச் சட்டியில் போட்டார். அன்று முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்வான குரல் என்றால் நமக்குச் சாதாரணக் குரல்.

“அடி மண்டு. கப்பல்ல டாங் டாங்னு நூறு பேரு தட்டும்போது நாங்க எப்படிப் பேசிக்குவோம்னு நினைச்ச? ஒருத்தி வாய ஒருத்தி பாத்துத்தான். எட்டு வருஷமா அதான் பேச்சு. நீங்க ரெண்டு பேரும் திங்கட்கிழமை குழாயடியில பேசுனதும் தெரியும்.”

நான் தரையைப் பார்த்தேன். நம்மி தன் பச்சை விரல்களைப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன். எல்லாம் தெரிந்துதான் இத்தனையும் ஒட்டியிருக்கிறார்.

“நான் அடுப்படியில இருக்கேன். மூச்சு விடமாட்டேன்” என்றார் அவர். “அரை நாள் லீவு எதுக்குன்னா, ரூம்ல டீச்சர் உக்காந்திருக்கிறத ஒரு தடவை பாக்கணும். வேறொண்ணும் இல்ல. புடி அந்த ஓரத்த, சுருங்குது.”

நம்மி ஓரத்தைப் பிடித்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வாத்து வரிசை மேட்டில் ஏறியது. யாங் டீச்சரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நெட்டையான பெண். எங்கள் மேட்டில் அவ்வளவு உயரமான பெண் யாருமில்லை. ஏழு வீட்டில் ஏழு கிண்ணம் பார்லித் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தார். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். “இது எங்க சித்தி” என்றாள் நம்மி, காலணியைப் பார்த்துக்கொண்டு. அடுப்படிக் கதவு விரலளவு திறந்திருந்தது.

எங்கள் அறைகளின் வாசல்படி உயரம். உள்ளே போகும்போது கதவைப் பிடித்துத்தான் ஏறுவோம். கதவில்தான் காகிதம் இருக்கிறதே. ஆனால் டீச்சர் உயரத்துக்குத் தலை இடிக்கும் என்று குனிந்து, கையைத் தூக்கி, நிலையின் மேல் விளிம்பைப் பிடித்தார். நான் முக்காலி போட்டு அடித்த இடம். அங்கே எங்கள் யாருடைய கண்ணும் எட்டாததால் காகிதமும் எட்டவில்லை.

கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கத் தளிர்ப் பச்சை. எடுத்த கையைத் தெரியாமல் வெள்ளைச் சட்டையின் இடுப்பில் வைத்தார்.

பிள்ளைகள் “ஓ” என்றார்கள். நான் பதறிப்போய்க் குழாயடிக்கு ஓடித் தண்ணீர் மொண்டேன். என்ன செய்யவேண்டும் என்று அங்கே தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அது நம்மிக்கும் தெரியும். அவள் ஒரு விநாடி அடுப்படியைப் பார்த்தாள், ஒரு விநாடி டீச்சரின் சட்டையைப் பார்த்தாள். பிறகு, சாதாரணமாகக் கூப்பிட்டால் கேட்காது என்பதால், வயிற்றிலிருந்து கத்தினாள்.

“அம்மா! பெயின்ட்டு! கப்பல் பெயின்ட்டு!”

அப்படிக் கத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுப்படிக் கதவு அறைந்து திறந்தது.

“தண்ணி போடாதீங்க! தண்ணி போட்டா புடிச்சுக்கும்!” நம்மி அம்மா, தரை தேய்த்த எண்ணெய்த் துணியோடு பாய்ந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல எண்ணெய், அப்புறம் சோப்பு! நகத்த விரிங்க! சட்டையக் கழட்டுங்க, என் சட்டை தர்றேன்!”

டீச்சர் வாயைத் திறந்து நின்றார். பிறகு கேட்டார், “நீங்க…?”

“எங்கம்மா” என்றாள் நம்மி. “இவங்க சித்தி இல்ல. எதிர் ரூம்.”

எதிர் ரூமாகிய நான் தண்ணீர்ச் சட்டியோடு நின்றேன்.

“அப்படியா!” என்றார் டீச்சர். அப்போதுதான் அவர் குரலைச் சரியாகக் கேட்டேன். ஒரே வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் கட்டி, அந்தத் தொண்டையும் கட்டைக் குரலில் உரத்துப்போயிருந்தது. “எப்பவும் கூட்டத்துக்கு வரமாட்டேங்கிறீங்களேன்னு பாத்தேன்!”

“வேலைங்க! கப்பல்ல! துரு தட்டுற வேலை!”

“அதுவா! நானும் நாள் முழுக்க அதே வேலைதான், இங்க தலையில தட்டுறேன்!” என்று பக்கத்தில் இருந்த ஒரு பையன் மண்டையைப் பச்சைக் கையால் காட்டினார்.

இரண்டு பெண்களும் அறைக்குள் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு அடி தூரத்தில் இருந்துகொண்டு மலைக்கு மலை பேசுகிறவர்கள் போல அரை மணி நேரம் பேசினார்கள். டீச்சர், நம்மி அம்மாவின் பூப்போட்ட சட்டையில், கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்க. நம்மிக்குக் கணக்கு நன்றாக வருகிறது, ஆனால் வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பது முற்றத்துக்கே தெரிந்துபோயிற்று. வீட்டுக்காரம்மா கதவருகில் நாற்காலியே போட்டுவிட்டார். நம்மி காதெல்லாம் சிவக்க வாசலில் நின்றாள். ஆனால் ஓடிப்போகவில்லை.

போகும்போது டீச்சர் சுவரைத் தடவிப் பார்த்தார். “இந்த வால்பேப்பர் எந்தக் கடைல?”

நம்மி அம்மா வாயைத் திறப்பதற்குள் நம்மி சொன்னாள். “கடைல கிடைக்காது டீச்சர். எங்கம்மா செஞ்சது.” உரக்கத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை, நல்ல நாள் வந்தது. வீட்டுக்காரம்மாவே சுத்தியலோடு வந்து, “அடிச்சுக்கோ, இன்னிக்கு அது இல்ல” என்றார். நம்மி அம்மா சட்டைப் பையிலிருந்த ஆணியை எடுத்துப் பார்த்தார். சுற்றி ஒருமுறை பார்த்தார். திரை கயிற்றில் தொங்கியது, கண்ணாடி சாய்ந்து வெளிச்சத்தை வாரிக்கொண்டிருந்தது. “எங்க அடிக்கிறது? தேவையே இல்லையே!” என்று ஆணியை வீட்டுக்காரம்மா கையிலேயே கொடுத்துவிட்டார்.

அடுத்த வசந்தத்திலிருந்து, டீச்சர் வரும் வாரம் நெருங்கினால் மேட்டுப் பெண்கள் அவரைத் தேடி வருவார்கள். காசு வாங்கமாட்டார். ஒரு வீட்டை முடித்தால் அந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்குக் கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியே எங்கள் சரிவில் ஒரு முப்பது அறை, மேலே வெளிர் கீழே அடர் நிறமாக, ஆரஞ்சு சுவிட்சோடு மாறியது. ஏதாவது வாங்கலாமா என்று யாராவது கேட்டால், “மொதல்ல வெளிய கொண்டா! எல்லாத்தையும் வெளிய கொண்டா!” என்று அவர் போடும் சத்தம் கடல் வரைக்கும் போகும். என் முதல் பிள்ளை பிறந்தபோது என் அறைக்கும் அவர்தான் ஒட்டினார். தொட்டில் பக்கத்தில் பட்டாம்பூச்சித் தாள் இரண்டு, எங்கிருந்தோ சேர்த்து வைத்திருந்தார்.

நம்மி இப்போது சியோலில் ஒரு வங்கியில் மேலாளர். பக்கத்து மேசைக்காரர்கள், “மேடம், கொஞ்சம் மெதுவா” என்கிறார்களாம். அம்மாவோடு ஃபோனில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது என்று என்னிடம் சொன்னாள். நானும் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன்.

நாங்கள் அந்த முற்றத்தைவிட்டுக் கிளம்பியது பதினொரு வருஷம் கழித்து, ஓர் ஆகஸ்ட் மாதத்தில், வீட்டுக்காரம்மா காலண்டர் பார்த்துக் குறித்துக் கொடுத்த நாளில். வண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. சொல்லிக்கொள்ள எதிர் அறைக்குப் போனேன். அந்தக் கதவில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு அடுக்குக் காகிதம் ஏறியிருந்தது, வருஷத்துக்கு ஒன்றாக. நல்ல வெயில். ஏதோ தோன்றி, கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளே மெத்தென்று அமுங்கியது. விரலை எடுத்தேன், தடம் அப்படியே நின்றது.

அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற நம்மி அம்மா எப்படிப் பார்த்தாரோ தெரியாது. சாய்ந்து நின்ற கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

“கைய எடு புதுப்பொண்ணு!” என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள் அப்போது. “அது இன்னும் காயல!”